கூலர் வாங்காமல் முகப்புச் சூட்டைக் குறைத்தது

தங்கச் சுரங்கம், 1,000 மீட்டர் ஆழம். பாறையை வெட்டும் இடமான முகப்பில் ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்கும் அளவு) 31.5 டிகிரி. 30.5-ஐத் தாண்டினாலே காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது இந்தியச் சுரங்க விதி. பெரிய ஃபேன் கேட்கும் முன், காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை எடுங்கள்.

துணிக்குழாய் (டக்ட்) வழியாக முகப்புக்குக் காற்று அனுப்பும் ஃபேனின் வாயில் நொடிக்கு 11 கன மீட்டர். முகப்பில் வெறும் 5. பாதிக்கு மேல் வழியிலேயே போயிருந்தது. 900 மி.மீ. துணி டக்ட்டின் இணைப்புகளில் கையை வைத்தாலே காற்று அடித்தது. பாறை உரசிய கிழிசல்கள் வேறு.

இணைப்புகளில் கிளாம்ப்பைக் கழற்றி, துணியை நன்றாக மேலேற்றி மறுபடி இறுக்கினேன். கிழிசலுக்கு ஒட்டு. டேப் மட்டும் சுற்றினால் ஈரத்தில் ஒரு வாரம் தாங்காது. தொய்ந்த டக்ட்டைக் கம்பி இழுத்து நேராக்கினேன். ஃபேன், முகப்பிலிருந்து திரும்பும் சூட்டையே மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது; அதைச் சந்திப்பிலிருந்து புதுக்காற்று வரும் பக்கம் 6 மீட்டர் தள்ளி வைத்தோம்.

முகப்பில் 10 கன மீட்டர் வந்தது. சுரங்கப்பாதையின் குறுக்குப்பரப்பு 8.1 சதுர மீட்டர்; நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 8.5 கன மீட்டர் போதும். மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியான விஎஃப்டியில் ஃபேன் வேகத்தை 85 சதவீதமாக்கினோம். மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இறங்குவதால் ஏறக்குறைய 39 சதவீதம் மிச்சம். ஃபேன் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் காற்றில் சேர்கிறது, அதுவும் குறைந்தது.