ஆக்லாந்து வீட்டுத் தோட்டத்தில் செம்பு அரணைக்கு ஓர் இடம்

ஆக்லாந்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் அளவு மண் இருந்தாலே போதும், நியூசிலாந்துக்கே உரிய செம்பு அரணை அங்கே குடியிருக்கலாம். குறைந்துகொண்டே வரும் இனம் அது. ஆனால் எங்கிருந்தும் பிடித்து வந்து விட வேண்டாம், 1953ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடிக்கக் கூடாது. இடத்தைத் தயார் செய்யுங்கள், அக்கம்பக்கத்தில் இருந்தால் தானாக வரும்.

நியூசிலாந்தில் வெயில் வடக்கிலிருந்து விழும், அதனால் வடக்கைப் பார்த்த வேலியோர மூலைதான் நல்லது. புல்வெளி நடுவில் வேண்டாம், வெட்டவெளியைக் கடக்கும்போதுதான் பூனையிடம் மாட்டும்.

கல் அடுக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. தட்டைக்கல், உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, எது கிடைத்தாலும் சரி, சிமெண்ட் பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சுண்டுவிரல்கூட நுழையாத இடுக்குகளாக நிறைய விடுங்கள். விரல் நுழைகிற இடத்தில் சுண்டெலியும் நுழையும், அது அரணையைத் தின்னும். செம்பு அரணைக்கு ஈரமும் மறைவும் வேண்டும், வெறும் கல் போதாது, பக்கத்திலேயே இரண்டு மக்கிய கட்டையும் ஒரு கூடை சருகும் போடுங்கள். சுற்றிலும் போஹுஎஹுஎ என்ற உள்ளூர்க் கொடியையும் தரையோடு படரும் கொப்ரோஸ்மா செடியையும் கை நுழையாதபடி நெருக்கமாக நடுங்கள். பூச்சிகள் வந்து சேரும், அதுதான் அரணைக்குச் சாப்பாடு, அதனால் பூச்சிமருந்தும் நத்தை மருந்தும் அந்தப் பக்கமே வேண்டாம்.

அப்புறம், தொட்டி மண்ணிலோ இலைக்கடியிலோ வெள்ளையான நீள்வட்ட முட்டைகள் கிடந்தால் நம் அரணை பெருகுகிறது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். செம்பு அரணை குட்டி போடும். முட்டையிடுவது 1960களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவிய இன்னொரு சின்ன அரணை, அதன் தலையில் பெரிய செதில் ஒன்றுதான் இருக்கும், உள்ளூர் அரணைக்கு அந்த இடத்தில் இரண்டு. நர்சரியில் செடி வாங்கினால் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

எலிப்பொறி வையுங்கள், பூனை வளர்த்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்குச் சில குட்டிகள்தான் பிறக்கும், போனால் ஈடுசெய்யப் பல வருஷம் ஆகும்.

அடுக்கிய கல்லைத் திரும்பப் புரட்ட வேண்டாம். பார்க்க ஆசையாக இருந்தால் நெளிந்த கூரைத் தகடு ஒன்றைக் கொடியோரம் போட்டு வையுங்கள், அதனடியில் அரணை ஒதுங்கும், சில மாதத்துக்கு ஒருமுறை மெல்லத் தூக்கிப் பாருங்கள். குளிர்காலத்தில் அதுவும் வேண்டாம்.