மூலிகைப் பொடியா, தாது மாத்திரையா? வாங்குவதற்கு முன்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் இருப்பவர்களுக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரம்தான். இங்கே நாட்டு மருந்துக் கடை, கேரளப் பக்கம் ஆரியங்காவு தாண்டினால் ஆயுர்வேதக் கடை, நடுவில் மெடிக்கல். அம்மாவின் சோர்வுக்கும் முட்டிவலிக்கும் மூலிகைப் பொடி வாங்குவதா, இரும்பு, கால்சியம் போன்ற தாது மாத்திரை வாங்குவதா என்று நாங்கள் முடிவெடுத்த வழி இது.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, தைராய்டு நான்கும் பாருங்கள். இரும்போ கால்சியமோ குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டால் என் ஓட்டு மாத்திரைக்குத்தான், ஏனென்றால் பொடி டப்பாவில் பெரும்பாலும் பொடியின் எடைதான் இருக்கும், அதில் இரும்பு எவ்வளவு என்று இருக்காது.

அடுத்து லேபிள். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றால் கிடைக்கும் கால்சியம் 500 மி.கி. மட்டுமே. ‘எலிமெண்டல்’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் இருப்பதெல்லாம் மூலிகை என்றும் நினைக்க வேண்டாம். அயச் செந்தூரம் இரும்பில் செய்வது, சங்கு பற்பம் சங்கைச் சுட்டுச் செய்வது. சித்த மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

எங்களை ரொம்ப அலைக்கழித்தது நேரம்தான். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும், டீயும் அதைத் தடுக்கும். அதனால் அம்மாவுக்கு விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு. போனில் அலாரம் வைப்பதைவிட காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா நல்லது, போட்டாச்சா இல்லையா என்று பார்த்தாலே தெரியும்.

அஸ்வகந்தா வாங்குகிறவர்கள் கவனிக்க: அது தைராய்டு அளவை மாற்றக்கூடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

பின்சேர்க்கை: முருங்கை இலைப் பொடி போதாதா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். சாப்பாட்டில் தாராளமாகச் சேருங்கள், ஆனால் அதிலுள்ள இரும்பு முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, ரத்தசோகைக்கு அது மட்டும் காணாது. அப்புறம், இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான், பயம் வேண்டாம். தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.