மாமாவின் நாதஸ்வரப் பாட்டுகளுக்குப் பெயர் திரும்பிய கதை

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் மாமாவிடம் நாதஸ்வர, தவில் கசெட்டுகள் பெட்டி நிறைய இருந்தன. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் கேட்டவை. பிறகு ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கினார். போன மாதம் அவற்றை என் போனில் போட்டால், பாட்டு ஓடுகிறது, பெயர் மட்டும் குழப்பம். ‘அம்மா’ என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்!

அரைப்புள்ளியைக் கண்டதும் பிடிபட்டது: பாமினி, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உருவில் காட்டும் பழைய எழுத்துரு. வினாம்ப் 1997இல் வந்த, கணினியில் பாட்டுக் கேட்கும் மென்பொருள். அதில் பட்டியலின் எழுத்துருவைப் பாமினியாக மாற்றினால் தமிழ் தெரியும். உள்ளே இருந்தது என்னவோ ஆங்கில எழுத்துத்தான். என் போனில் பாட்டை ஓட்டும் வீஎல்சிக்கு அது எப்படித் தெரியும், பாவம்.

எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைத் திறந்து, தலைப்புகளைப் பாமினியிலிருந்து இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும் மாற்றியில் போட்டு எடுத்துத் திரும்ப ஒட்டினேன். முதலில், பாட்டின் பெயரைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும் பழைய ஐடி3வி1 குறிப்பை அழித்துவிடுங்கள். அதில் தலைப்புக்கு 30 பைட்தான். யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒன்றுக்கே 3 பைட் போய்விடும். குறிப்பின் பிந்திய வடிவமான ஐடி3வி2.3, யூனிகோடின் இன்னொரு முறையான யூடிஎஃப்-16 என்று சேமித்தேன். சரியாக வந்தது.

நாலு இரவு போனது. மாமா பட்டியலைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலை ராகம் ரெண்டு பிழை” என்றார்.