உவர் ஏறிய அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசும் முறை

ராமநாதபுரம், கீழக்கரை வட்டாரத்தில் பழைய அரண்மனையையோ பெரிய வீட்டையோ தங்கும் விடுதியாக மாற்றுபவர்கள் குளியலறைக்கும் ஏசிக்கும்தான் முதலில் கணக்குப் போடுகிறார்கள். சுவரில் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்துவிடுவார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து உதிரும். தரையிலிருந்து ஏறும் ஓதம் உப்பையும் இழுத்து வருகிறது. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது, ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே பூத்துச் செங்கலைப் பொடியாக்கும்.

கொத்துவதற்கு முன் வெள்ளைப்பூச்சை உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து இடங்களில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவர்களில் சேதுபதி மன்னர்கள் காலத்து ஓவியங்கள் இருக்கிற ஊர் இது. அடியில் நிறம் தெரிந்தால் கொத்தனாரை நிறுத்திவிட்டு, ஓவியப் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஈரம் ஏறி நிற்கும் ஓதக் கோட்டுக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி வரை சிமெண்டைக் கையுளியால் எடுக்க வேண்டும். மெஷின் வைத்தால் செங்கலும் சேர்ந்து வரும். கீழே தார்ப்பாய் விரித்து, உதிர்வதை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள். சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ் போதும்.

அடுத்தது உப்பை உறிஞ்சி எடுப்பது. அச்சு மையில்லாத காகிதத்தை ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். நன்றாகக் காய்ந்து தானாகக் கழன்று வரும்போது எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எடைக் காய்ந்த கூழை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) பாருங்கள். எண் மேலும் இறங்காமல் ஒரே அளவில் நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அப்ப வேண்டும். பலர் சலித்துப்போய் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் வையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல். கடல்மணல் கூடவே கூடாது. போர் தண்ணீரும் இந்தக் கரையோரத்தில் உப்புதான். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குழையுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அளவாகச் சேர்க்கலாம். கருப்பட்டி கூடினால் இறுக்கம் தாமதமாகும், பூஞ்சணமும் பிடிக்கும். பூச்சு ஒவ்வொன்றும் 10 முதல் 12 மில்லிமீட்டர். முதல் பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. நனைத்த சாக்கு ஒரு வாரம் தொங்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காரை காயாது. ஆடிக் காற்றில் சட்டென்று காய்ந்து வெடிக்கும். தை முதல் பங்குனி வரைதான் தோது.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பளபளப்பான பூச்சை விருந்தினர்கள் ரசிப்பார்கள், சரி. ஆனால் தேய்க்கத் தேய்க்கத் துளைகள் அடைபடும். அதனால் தரையிலிருந்து மூன்றடியைச் சொரசொரப்பாகவே விட்டு வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். அந்தப் பகுதி சில வருடத்தில் உதிரத்தான் செய்யும். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கலைக் காப்பதுதான் அதன் வேலை. உதிர்ந்ததும் புதிதாகப் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

குழாய்களைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளியே ஓட்டுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி தண்ணீரோடு ஒரு டன்னுக்கு மேல். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மர உத்தரங்கள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மாடித் தளம்) ஏற்றாமல் தனித் தூண் எழுப்பி வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சுவரடியில் விழவிடாமல் குழாய் போட்டு வெளியேற்றுங்கள்.