உங்கள் கணினியில் இருக்கும் கர்ல் பாதுகாப்பானதா? நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் ஒரு இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்களா? மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, அந்த ஸ்கிரிப்டுக்குள் பக்கத்தை இழுத்து வரும் வேலையைப் பெரும்பாலும் கர்ல்தான் செய்யும். ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998-இல் இந்தப் பெயரில் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. இன்று போன், டிவி, கார் என்று எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் இதில் பாதுகாப்பு ஓட்டை என்றால் உலகமே பதறுகிறது.

2023 அக்டோபர் 11 அன்று வெளியே தெரிந்த ஓட்டையை எடுத்துக்கொள்வோம். சாக்ஸ்5 என்ற வகை ப்ராக்ஸி (நமக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று தகவலைக் கைமாற்றும் கணினி) வழியாகப் போகும்போது, தளத்தின் பெயர் 255 பைட்டுக்கு மேல் நீண்டிருந்தால் கர்ல் அதை ப்ராக்ஸியிடம் கொடுக்காமல் தானே முகவரி தேட வேண்டும். ப்ராக்ஸி மெதுவாகப் பதில் சொன்னால் அந்த முடிவு மறந்துபோய், நீளமான பெயரை அப்படியே நினைவகத்தில் கொட்டிவிடும். ஒதுக்கிய இடம் போதாமல் வழிந்து, பக்கத்தில் இருப்பதை அழிக்கும். 7.69.0 முதல் 8.3.0 வரை இந்தக் கோளாறு இருந்தது, 8.4.0-இல் சரிசெய்தார்கள். ப்ராக்ஸியே இல்லாத நம் ஸ்கிரிப்டை இது தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பழையதை வைத்துக்கொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை.

படி 1: பதிப்பைப் பாருங்கள்

கட்டளைகளை வாய்விட்டுப் படிப்பது போல எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். கட்டளை தட்டும் ஜன்னலை (விண்டோஸில் சிஎம்டி, உபுண்டு லினக்ஸில் டெர்மினல்) திறந்து, கர்ல், ஒரு இடைவெளி, சேர்ந்தாற்போல் இரண்டு கழித்தல் குறி, ஒட்டி வெர்ஷன் என்று தட்டி என்டர். முதல் வரியிலேயே எண் வரும். விண்டோஸோடு வரும் நீல நிற பவர்ஷெல்லில் கர்ல் என்பது வேறொரு கட்டளைக்கு வைத்த பட்டப்பெயர். அங்கே கர்ல் என்பதை ஒட்டி டாட் இஎக்ஸ்இ சேர்த்துத் தட்டுங்கள்.

படி 2: எங்கிருந்து வந்தது?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் சிஎம்டியில் வேர் கர்ல் என்று தட்டினால் கணினி எந்தெந்த ஃபோல்டரில் கர்லைக் காண்கிறது என்று வரிசையாகச் சொல்லும். சிஸ்டம்32-இல் இருப்பது விண்டோஸோடு வந்தது. கிட் (நிரல் எழுதுபவர்கள் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) நிறுவியிருந்தால் அது தனக்கென்று இன்னொன்று வைத்திருக்கும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாக மாறாது.

படி 3: வந்த வழியிலேயே புதுப்பியுங்கள்

சிஸ்டம்32-இல் இருப்பதை விண்டோஸ் அப்டேட்தான் மாற்ற வேண்டும். 2023 நவம்பர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் 8.4.0-ஐக் கொடுத்துவிட்டது. அந்த ஃபைலை நீங்களாக அழித்து வேறொன்றை ஒட்டாதீர்கள். அப்படிச் செய்தவர்களுக்கு அடுத்த அப்டேட்டே ஏறாமல் தகராறு ஆனது.

உபுண்டுவில் சூடோ ஆப்ட் அப்டேட், அப்புறம் சூடோ ஆப்ட் அப்கிரேட். முடிந்த பிறகும் 22.04-இல் 7.81.0 என்றே காட்டும், பயப்பட வேண்டாம். பதிப்பு எண்ணை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவது உபுண்டுக்காரர்கள் வழக்கம். சந்தேகமா? ஆப்ட் சேஞ்ச்லாக் கர்ல் என்று தட்டி, வரும் பட்டியலில் 2023-38545 என்ற எண்ணைத் தேடுங்கள், மேலே சொன்ன ஓட்டைக்குக் கொடுத்த அடையாள எண் அது. இருந்தால் அடைத்தாயிற்று.

படி 4: ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள்

என்னைக் கேட்டால் மேலே சொன்ன ஓட்டையைவிட இதுதான் நமக்குப் பெரிய ஆபத்து. கர்ல் வரியில் கழித்தல் குறியோடு சின்ன கே, அல்லது இன்செக்யூர் என்று இருக்கிறதா? இருந்தால், எதிரில் இருப்பது உண்மையான தளம்தானா என்று கர்ல் சரிபார்க்கவே செய்யாது. நடுவில் எவன் புகுந்து 60 அடியை 110 அடி என்று மாற்றிக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக் குழுவில் போட்டுவிடும். அதை நம்பி நாற்று விடுகிறவர்களும் இருப்பார்கள்.

சான்றிதழ் (தளம் உண்மையானது என்று காட்டும் அத்தாட்சி) பிழை வருகிறதே என்றுதான் இதைச் சேர்த்திருப்பீர்கள். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நல்ல சான்றிதழும் செல்லாது என்று தோன்றும். நாணயம் போன்ற அந்த பேட்டரியின் பெயர் சிஆர்2032. அதை மாற்றி, தேதியைச் சரிசெய்து, கே-யை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பிறகும் பிழை வந்தால் தளத்தின் சான்றிதழே காலாவதியாகியிருக்கலாம். அவர்கள் புதுப்பிக்கும்வரை எண்ணைக் கையால் பார்த்துப் போடுங்கள். கே-யைத் திரும்பச் சேர்க்காதீர்கள்.