விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லையாமே? இயற்கை வேளாண்மை பேசுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் என் மாமா ஒருவர் நெல் போடுகிறார். ரசாயன உரத்தின் தீமை பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் போவார், முன்வரிசையில் உட்காருவார், டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வருவார். வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் பேசினாங்க மாப்ள, ஆனா நமக்குத் தெரியாததா எதையும் சொல்லலை." மண் கெட்டுப்போனது அவருக்குத் தெரியும். அந்த வயலில் மண்புழு காணாமல் போனதைப் பார்த்தவரே அவர்தான். தெரிந்தும் ஏன் மாறவில்லை என்பதுதான் கேள்வி, அதை மட்டும் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

நிலைத்த வேளாண்மை, நல்ல உணவு என்று ஆர்வமாகக் கிளம்பும் தன்னார்வக் குழுக்கள், அதிகாரிகள், வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும் இளைஞர்கள் எல்லாரும் முதலில் விழும் குழி இது. விவசாயி அறியாமையில் செய்கிறார், நாலு கூட்டம் போட்டுச் சொன்னால் திருந்திவிடுவார் என்று நினைப்பது.

உரக்கடைக்கு ஒருமுறை அவரோடு போய்ப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1350 ரூபாய். பொட்டாஷ் அதற்கும் மேலே. 2010-ல் மற்ற உரங்களுக்குச் சத்தின் அளவைப் பார்த்து மானியம் தரும் முறை வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் விலையைக் கட்டியே வைத்தார்கள். விளைவு, யூரியா தரும் தழைச்சத்து கொள்ளை மலிவு, டிஏபி தரும் மணிச்சத்தும் பொட்டாஷ் தரும் சாம்பல் சத்தும் கையைக் கடிக்கும். அப்புறம் 2015-ல், மண்ணைச் சோதித்து எந்த உரம் எவ்வளவு என்று எழுதித் தரும் மண்வள அட்டைத் திட்டம் வந்தது. யூரியாவைக் குறையுங்கள், பொட்டாஷைக் கூட்டுங்கள் என்று அட்டை சொல்லும், கடையில் தொங்கும் விலைப்பட்டியல் நேர் எதிராகச் சொல்லும். கடனுக்கு உரம் வாங்குகிறவர் எதன் பேச்சைக் கேட்பார்? இதற்கு நடுவில், யூரியா தட்டுப்பாடான நேரத்தில் வேறொரு சரக்கையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்று கடைக்காரர் தலையில் கட்டுவது தனிக்கதை.

பழக்கத்தைக் குறிவைத்தும் ஒரு முயற்சி நடந்தது. விவசாயி யூரியாவைக் கிலோவில் கணக்குப் பார்ப்பதில்லை, ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்றுதான் பார்ப்பார். அதனால் 2018-ல் மூட்டையையே 50 கிலோவிலிருந்து 45 ஆக்கினார்கள். அதே எண்ணிக்கையில்தானே போடுவார், சத்தமில்லாமல் பத்து சதவீதம் குறைந்துவிடும் என்ற எண்ணம். கெட்டிக்கார யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாட்டின் மொத்த யூரியா பயன்பாடு குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போனது. பயிர் கொஞ்சம் வெளிறித் தெரிந்தால் இன்னொரு அரை மூட்டையை இறைக்க 130 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதானே.

அந்த வெளிறல் இருக்கிறதே, அது பணத்தைவிடப் பெரிய விஷயம். கருகரு என்று பச்சையாக நிற்கும் வயல்தான் நல்ல விவசாயிக்கு அடையாளம் என்று ஊரே நம்புகிறது. சாலையில் போகிறவர் பார்த்து, "என்னண்ணே, பயிர் சோகை புடிச்சாப்ல நிக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே மேலுரம் போய்விடும். அதிகப் பச்சைக்கு இலைச்சுருட்டுப்புழு வரும், பயிர் சாயும் என்று அவருக்கே தெரியும், ஆனாலும் போடுவார். இதற்கு எளிமையான ஒரு கருவி இருக்கிறது, இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில பட்டைகள், இலையை அதன்மேல் வைத்து ஒப்பிட்டு, குறிப்பிட்ட நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் யூரியா போட்டால் போதும். அந்த அட்டையை ஒரு விவசாயி கையில் கொடுத்துவிட்டு வந்தால் அது பரணுக்குப் போகும். ஒரே மடையில் பாயும் பத்துப் பேரும் சேர்ந்து பார்த்தால்தான் பக்கத்து வயலின் பேச்சுக்குப் பயப்படாமல் இருக்க முடியும்.

தண்ணீரிலும் இதே கதைதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள், வயலில் எப்போதும் தண்ணீரைக் கட்டி வைக்க வேண்டியதில்லை என்று ஒற்றை நாற்று நடவு வந்த காலத்திலிருந்தே சொல்லப்படுகிறது. சரியான யோசனை. ஆனால் மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாதவர் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டுத் தூங்கப் போவார், கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடட்டும் என்று. மின்சாரமும் இலவசம். நாளைக்குத் தண்ணீர் உண்டா என்ற சந்தேகம் இருக்கும்வரை இன்றைக்குக் கிடைப்பதைத் தேக்கி வைப்பதுதான் அவருக்கு விவேகம், அதைப் பேராசை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அடுத்த தவறு, வாங்குவதற்கு ஆளைத் தேடாமல் பயிரை மாற்றச் சொல்வது. நெல்லை விட்டுவிட்டுச் சிறுதானியம் போடுங்கள், அரசு அறிவிக்கும் ஆதார விலையே இரண்டு மடங்கு என்பார்கள். உண்மைதான், 2025-26-க்கு ராகியின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4886 ரூபாய், சாதா ரக நெல்லுக்கு 2369. பேப்பரில் பார்த்தால் நெல் போடுகிறவர் பைத்தியக்காரர். ஆனால் நெல்லை எடுத்துக்கொண்டு போனால் டெல்டாவில் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள், ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும், மூட்டைக்கு இவ்வளவு என்று கைக்காசு அழ வேண்டும், மழை வந்தால் முளைத்துவிடும், எல்லாம் உண்டு. இருந்தாலும் கடைசியில் அரசு எடுத்துக்கொள்கிறது, மேலே மாநில ஊக்கத்தொகையும் சேரும். ராகிக்கு அப்படி ஒரு வாசல் பெரும்பாலான ஊர்களில் கிடையாது, அறிவித்த விலை அறிவிப்போடு நிற்கும். நெல்லுக்கு அறுவடை இயந்திரம் வாடகைக்கு வரும், சாமைக்கும் வரகுக்கும் உமி நீக்கும் மெஷின் தேடி அலைய வேண்டும்.

ஒடிசாவில் இதை வேறு வரிசையில் செய்தார்கள். 2017-ல் சிறுதானியத் திட்டம் தொடங்கியபோது பழங்குடி மாவட்டங்களில், ஏற்கெனவே ராகி சாப்பிடும் மக்களிடம் போனார்கள். ராகியை அரசே கொள்முதல் செய்து ரேஷனில் கொடுத்தது, கியோன்ஜர் மாவட்ட அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கு ராகி லட்டு வந்தது, அரைப்பதும் உருட்டுவதும் மகளிர் குழுக்களின் வேலையானது. சாப்பிட ஒரு வாய், வாங்க ஒரு கை, அரைக்க ஒரு மெஷின், இந்த மூன்றும் இருந்ததால் விதைப்பதற்குப் பெரிய பிரசங்கம் தேவைப்படவில்லை. நம் ஊரிலும் 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். நூறு கூட்டத்தைவிட அந்த 2 கிலோ பெரிது என்பது என் கணக்கு.

பாரம்பரிய நெல்லுக்கும் இது பொருந்தும். கருப்பு கவுனியைக் கொள்முதல் நிலையத்தில் யாரும் கவுனி விலைக்கு எடுக்கப்போவதில்லை. விற்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விதையுங்கள்.

குத்தகை பற்றிப் பேசாமல் மண்வளம் பேசுவது இன்னொன்று. பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தொழுவுரம் அடித்து மண்ணைத் தேற்ற மூன்று நாலு வருடம் ஆகும். அடுத்த வருடம் இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்றே தெரியாத, வாய்ச்சொல்லில் குத்தகைக்கு எடுத்தவர் யாருக்காக அந்தச் செலவைச் செய்வார்? இயற்கை விளைபொருள் என்று சான்றிதழ் வாங்க, ரசாயனம் இல்லாமல் சில வருடம் ஓட்ட வேண்டிய மாற்றக்காலம் வேறு உண்டு. அந்த வருடங்களில் விளைச்சல் இறங்கும், ஆனால் இயற்கை விளைபொருள் என்று சொல்லி விலை வைக்க முடியாது. நடுவில் விழும் பள்ளத்தை யார் நிரப்புவது என்று திட்டம் எழுதுகிறவர் எழுத வேண்டும்.

இப்போது பெரிய தவறு, ஒரு நாட்டையே புரட்டிப்போட்ட தவறு. இலங்கையில் கோட்டாபய ராஜபக்ச 2019 ஜனாதிபதித் தேர்தலில் சொன்னது பத்து ஆண்டுகளில் சேதன (இயற்கை) விவசாயத்துக்கு மாறுவோம் என்று. ஆட்சிக்கு வந்து நெல் விவசாயிகளுக்குப் பசளையை, அதாவது உரத்தை, இலவசமாகவே கொடுத்தார்கள். பிறகு 2021 ஏப்ரலில் திடீரென்று அறிவிப்பு, மே மாதம் வர்த்தமானி (அரசிதழ்), ரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும் சேர்ந்துதான் இந்த அவசரம். இலவசமாகக் கிடைத்த பொருள் ஒரே போகத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பொருளானது. மாற்றாகப் போட அத்தனை சேதனப் பசளை நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியில் தீங்கு தரும் நுண்ணுயிர் இருக்கிறதென்று அதை இறக்கவிடவில்லை, கடைசியில் இறக்காத சரக்குக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள், ஆனால் அங்கே முக்கிய நெல் பருவமான பெரும்போகம் அதற்குள் தொடங்கியிருந்தது. கிளிநொச்சியோ அம்பாறையோ, வயலில் நின்றவருக்கு அந்தப் போகம் போனது போனதுதான்.

இதை வைத்து "பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது" என்கிறவர்கள் செய்வது அதே அளவு தவறு. அங்கே தோற்றது அவசரம். சிக்கிம் 2003-ல் முடிவெடுத்து, ரசாயன உரத்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016-ல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. ஆனால் சிக்கிமை அப்படியே நகலெடுக்கச் சொல்வதும் ஆகாது. அங்கே தொடக்கத்திலேயே ரசாயன உரம் குறைவு, அரிசி பெருமளவு வெளியிலிருந்து வருகிறது. டெல்டாவின் கணக்கு வேறு.

ஒரு முடிச்சை மட்டும் பார்த்து அவிழ்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சாப் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் சட்டம் போட்டு, ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது என்றார்கள். நல்ல நோக்கம். நடவு தள்ளிப்போனதால் அறுப்பும் தள்ளிப்போனது, கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் மிச்சம். வைக்கோலை அப்புறப்படுத்த அவகாசம் இல்லாமல் கொளுத்தினார்கள், அதுவும் காற்று அடங்கிக் குளிர் இறங்கும் நேரத்தில், புகை டெல்லி வரை போய் உட்கார்ந்தது. பிறகு விவசாயிக்கு அபராதம். நெல்லையே வாங்கிக் குவிக்கும் கொள்முதலை மட்டும் யாரும் தொடவில்லை.

நகரத்தில் இருக்கும் நமக்கும் பங்கு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கை அரிசி வேண்டும், ஆனால் பாலிஷ் போட்ட வெள்ளையாக, வண்டில்லாமல், சாதா அரிசி விலைக்கு. வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சியில் இரண்டு கிலோ வாங்குகிறவரை நம்பி யாரும் நாற்று விடமாட்டார்கள். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு விவசாயியிடம் மாதாமாதம் இவ்வளவு என்று சொல்லிவைத்து வாங்குவது அவருக்கு எத்தனையோ மேல்.

கடைசியாக ஒன்று, முழு நிலத்தையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லாதீர்கள். ஆந்திராவில் 2016 முதல் நடக்கும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, யாரையும் தடை போட்டு மிரட்டாமல், ஏற்கெனவே செய்து பார்த்த விவசாயியையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்ததும், பெண்களின் சுய உதவிக் குழுக்கள் வழியாகப் போனதும்தான். நஷ்டம் வந்தால் தாங்குகிற அளவு ஒரு துண்டு நிலம், அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவில் தொடங்கினால் போதும்.

போன சம்பாவில் மாமாவும் ஒரு மா (ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, யூரியா போடாமல் பாரம்பரிய நெல்லான தூயமல்லி நட்டார். எந்த வயல் என்று கேட்டேன். தென்னந்தோப்புக்குப் பின்னால் இருப்பது என்றார், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதது.