தோலையும் தசையையும் பிரித்துப் பார்க்காதீர்கள்: சிறாரின் தோல்தசை அழற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பிள்ளையின் முகம் கறுத்தால் மருந்துக்கடைக் களிம்பு, கால் வலித்தால் தைலம் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது வழக்கம். ஜுவனைல் டெர்மட்டோமயோசைட்டிஸ் எனப்படும் இளம்பருவத் தோல்தசை அழற்சி, இந்த வழக்கத்துக்குள் மாதக்கணக்கில் மறைந்திருக்கக்கூடிய நோய். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களையே தாக்குவதால், தோலும் தசையும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லியன் சிறாரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கே வருகிறது. பெரும்பாலும் 7 வயதை ஒட்டித் தொடங்குகிறது. பெண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இவ்வளவு அரிதான நோயை முதலில் பார்க்கும் மருத்துவர் நினைக்காமல் போவதில் வியப்பில்லை. தோலில் கண்டதையும் நடையில் கண்டதையும் பெற்றோர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், அவருக்குப் பாதி வழி திறந்துவிடும்.

தோலைப் பொறுத்தவரை, மருத்துவப் படங்களில் உள்ள இளஞ்சிவப்பை நம் பிள்ளைகளிடம் தேடுவது முதல் தவறு. மாநிறத் தோலில் மேலிமையின் தடிப்பு சாம்பல் கலந்த ஊதாவாகவோ வெறும் கருமையாகவோதான் தெரியும்; ‘வெயிலில் ஆடிக் கறுத்துவிட்டான்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். விரல் கணுக்களின் மேல் தடித்த செதில்கள் இருக்கின்றனவா, முழங்கையிலும் முட்டியிலும் அதே தடிப்பு உள்ளதா, நகத்தின் அடியை ஒட்டிய தோல் சிவந்து அதில் தடித்த நுண்குழாய்கள் தெரிகின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

தசைச் சோர்வைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. இந்த நோய் இடுப்பு, தொடை, தோள், கழுத்து ஆகியவற்றின் தசைகளையே முதலில் வாட்டுகிறது. விரல்களின் பலம் பெரும்பாலும் தப்பிவிடுவதால், பிள்ளை ஒழுங்காக எழுதும், ஆனால் படி ஏறத் திணறும். தமிழ்ப்பள்ளிச் சபைகூடலில் தரையில் சம்மணமிட்டிருந்த பிள்ளைகள் எழும்போது கவனியுங்கள்: மற்றவர்கள் துள்ளி எழ, ஒரு பிள்ளை மட்டும் முதலில் கவிழ்ந்து, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முட்டியிலும் தொடையிலும் கை வைத்துத் தன் உடம்பையே ஏறுவதுபோல் நிமிரும். பள்ளி பேருந்தின் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவதும், தலைவார இயலாமல் கையைத் தொங்கவிடுவதும் இதே வகைதான். உடற்கல்வி ஆசிரியர் இதைக் கண்டால் தண்டனை தராமல் பெற்றோரை அழைத்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டில் நடக்கும் தவறுகள் நுட்பமானவை. தசை சேதமாகும்போது கல்லீரல் சோதனையில் வழக்கமாகப் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்னும் நொதிகளும் இரத்தத்தில் உயரும். அவற்றை மட்டும் பார்த்துக் கல்லீரல் நோய் என்று முடிவுகட்டி, பிள்ளையை மஞ்சள்காமாலை வைத்தியத்துக்கு அழைத்துப் போவதால் காலம்தான் வீணாகும். சிகே என்னும் தசை நொதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; ஆனால் சிகே இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தொடைகளின் எம்ஆர்ஐ படம் தசையின் அழற்சியைக் காட்டும். பிள்ளையின் பலத்தைச் சிமாஸ் என்னும் 14 செயல்கள் கொண்ட அளவீட்டில் 52 புள்ளிகளுக்குக் கணிக்கிறார்கள். படுத்தபடி தலையைத் தூக்கி நிறுத்துவதும் தரையிலிருந்து எழுவதும் அதில் அடங்கும். ஒரு முறை வாங்கிய புள்ளியைவிட, அடுத்தடுத்த வருகைகளில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கே மதிப்பு அதிகம். பெரியவர்களிடம் இந்த நோய் புற்றுநோயோடு சேர்ந்து வரக்கூடும் என்று இணையத்தில் படித்துவிட்டுக் கலங்குபவர்கள் உண்டு. சிறாரிடம் அந்தத் தொடர்பு மிக அரிது.

சிக்கல்களில் காத்திருக்கக் கூடாதவை சில. குடித்த மைலோ மூக்கு வழியே வருவது, குரல் மூக்கடைத்ததுபோல் மாறுவது, விழுங்கும்போது இருமுவது ஆகியவை தொண்டைத் தசை தளர்ந்ததன் அறிகுறி. உணவு நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. வயிற்று வலிக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்ப்பதும் ஆபத்து, ஏனெனில் குடலின் இரத்தக் குழாய்கள் அடைபட்டால் குடலில் புண்ணும் துளையும் விழலாம். இந்த நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தை உட்கொள்ளும் பிள்ளையிடம் அந்த வலியும் காய்ச்சலும் அடங்கியே காட்டும். நீங்காத வயிற்று வலி, கறுத்த மலம், மூச்சுத் திணறல் என்றால் மாவட்ட மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். முழங்கை, முட்டிப் பக்கம் தோலடியில் கெட்டியான முடிச்சு வந்தால், அது கட்டி அல்ல, சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். பிதுக்கினால் கிருமி தொற்றும். சிகிச்சை தாமதமான பிள்ளைகளிடம் இந்தப் படிவு கூடுதலாக வருகிறது.

சிகிச்சை தொடங்கிய பிறகு வீட்டில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியதும் உறவினர் பேச்சுக்கு அஞ்சி மருந்தைச் சட்டென நிறுத்திவிடுகிறார்கள். பல வாரங்கள் ஸ்டீராய்டு எடுத்த உடலில் ஸ்டீராய்டின் சொந்தச் சுரப்பு அடங்கியிருப்பதால் திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் நோக்கங்களுள் ஒன்று ஸ்டீராய்டின் தேவையைக் குறைப்பது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான், தினமும் அல்ல. வெயில் நோயைக் கிளறிவிடும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். ஆனால் பிள்ளையைப் படுக்கையிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சி மூட்டு இறுகாமல் காக்கும்.

இந்த மருந்துகளால் நோய் எதிர்ப்பு தணிந்திருக்கும் பிள்ளைக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சிறப்பு மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. பக்கத்து வீட்டில் சின்னம்மை கண்டால், வேப்பிலை செருகிவிட்டு நம் பிள்ளைக்கும் கொப்புளம் வருகிறதா என்று பார்த்திருப்பதும் கூடாது. பிள்ளை அங்கே விளையாடியது தெரிந்த அன்றே மருந்துச் சீட்டோடு மருத்துவமனையை அணுகினால், கொப்புளம் எழும் முன்பே தடுப்பு மருந்து கொடுக்க வாய்ப்பு இருக்கும்.